வேலிக்குள் மறைத்து வைக்கும் நோய்

1993 மார்ச் 18ஆம் திகதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், குரோஃபோர்ட் மாவட்டத்து றொக்டேல் என்ற நாட்டுப்புறத்தில், எட்வர்ட் கிங்கரிச் என்பவர் தன் மனைவியை வீட்டுச் சமையலறையிலேயே வைத்துக் கொன்றார். பிள்ளைகள் அப்போது வீட்டில் இருந்தார்கள். கிங்கரிச் ஆமிஷ் சமூகத்தவர். வீட்டுக்கு மின்கம்பி இழுக்காத, மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளாத, குதிரை வண்டியில் போய்வரும் கிறிஸ்தவச் சமூகம் அது. போருக்குப் போகமாட்டார்கள், அடித்தவனைத் திருப்பி அடிக்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கொலை விழுந்ததும் அமெரிக்கா முழுக்க அதையே பேசியது. கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற முதல் ஆமிஷ் மனிதர் என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தக் கொலைக்கு முந்திய ஒரு வருடம்தான் நாம் படிக்க வேண்டியது. கிங்கரிச்சுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது முன்னரே தெரிந்திருந்தது. அவரை வைத்தியசாலையில் சேர்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கொந்தளிப்பு அடங்கியது. ஆனால் மருந்து அவரைச் சோர்வாக்கியது. நாள் முழுக்கத் தூங்கி வழிந்தார், மரம் அரியும் ஆலையில் முன்புபோல வேலை செய்ய முடியவில்லை. வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் வெளியுலக வைத்தியத்தை ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்ப்பவர்கள். மாத்திரை நின்றது. எலும்பு நீவுபவரிடமும் நாட்டு வைத்தியரிடமும் கூட்டிப் போனார்கள். கரும்புப் பாகு குடிக்கச் சொன்னார்கள். நோய் திரும்பி வந்தபோது, அதை நோய் என்று சொல்லி வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓட அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்து இதைப் படிக்கும் ஒருவருக்கு ஆமிஷ் மக்களின் தொப்பியும் தாடியும் குதிரை வண்டியும்தான் அந்நியமாக இருக்கும். அந்த ஒரு வருடம் அந்நியமாக இராது. மாத்திரை தொடங்கி நிறுத்தியது, பார்வை பார்த்தது, நூல் கட்டியது, வெளியில் தெரிந்தால் தங்கச்சியின் கலியாணம் குழம்பும் என்று படலையைச் சாத்தியது: இந்த வழி நமக்குக் கால் பழகிய வழி. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நெருங்கிய சமூகங்களில் மனநோயோடு சேர்ந்து வரும் வன்முறைக்கு நோயை மட்டும் காரணம் சொல்லித் தப்ப முடியாது. நோய் தொடங்குவதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் நடுவில் நாம் விடுகிற மாதங்களே அதிகம் பொறுப்பு.

வைத்தியம் தெரியாத ஊர் என்று நாம் சாட்டுச் சொல்லவும் முடியாது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் இருந்து மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூறும் வைத்தியமும் சொல்லும் நூல்களைத் தமிழில் அச்சேற்றினார். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் வந்தது. பிள்ளை டொக்டராக வேண்டும் என்று இவ்வளவு ஏங்குகிற சமூகம் உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது. காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் நாம் வைத்தியசாலை வாசலில் விடியற்காலையிலேயே துண்டு எடுத்து நிற்கிறோம். மனம் பிசகினால் மட்டும் வாசல் மாறிவிடுகிறது.

முதல் அறிகுறிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தவறுகிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதி ஆமிஷ் மக்களிடையே 1976 தொடக்கம் ஜனிஸ் ஈக்லண்ட் என்ற ஆய்வாளர் நீண்டகால ஆய்வு ஒன்றை நடத்தினார். அவர் கண்ட ஒன்று மிகவும் பயனுள்ளது. மனவெழுச்சி நோயின் அறிகுறிகள் பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல ஆமிஷ் ஊரில் வராது. ஒருவர் குதிரையை வழமைக்கு மாறாக விரட்டி ஓட்டுவார். பொதுத் தொலைபேசியில் ஓயாமல் பேசுவார். விதைப்புக் காலத்தில் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுவார். நகரத்து வைத்தியருக்கு இவை பெரிய விடயமாகத் தெரியாது. அந்த ஊர் ஆளுக்கோ இவன் இவனாக இல்லை என்று உடனே புரியும். சமூகத்தின் ஒழுங்கு தெரிந்தவனால்தான் அதன் மீறலைப் பிடிக்க முடியும்.

நம் ஊரில் இதற்கு ஒப்பானவை என்ன? ஏ.எல். படிக்கும் பெடியன் தாய் போட்ட சோற்றைத் தொடாமல், கடையில் பாண் வாங்கித் தனியே இருந்து சாப்பிடத் தொடங்குவான். கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டான். பிறகு ஒருநாள் “சாப்பாட்டுக்குள்ள மருந்து வைக்கினம்” என்பான். வீட்டுக் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் குடிக்கமாட்டான். இரவில் எழும்பி எழும்பிக் கேற்றைப் பூட்டிப் பார்ப்பான். ரியூசனுக்குப் போவது நிற்கும், முழுகுவது நிற்கும், பழைய நண்பன் வந்து கூப்பிட்டால் அறைக்குள் இருந்து வெளியே வரமாட்டான். அப்பு செத்து எட்டு வருடமான பிறகு அவர் குரல் கேட்கிறது என்பான். தாய்க்கு முதலில் தெரிந்துவிடும். “பிள்ளை முந்தி மாதிரி இல்லை” என்று அவள் தன் தமக்கைக்குச் சொல்லியிருப்பாள். அந்த வாக்கியம்தான் நோய்க்கணிப்பின் முதல் வரி. அது பெரும்பாலும் குசினியை விட்டு வெளியே போவதில்லை.

இதில் யாழ்ப்பாணத்துக்கென்று தனியான சிக்கல் ஒன்று உண்டு. யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், வீட்டைக் கவனிக்கிறார்கள், தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையை வேறு ஊர் வைத்தியர் ஒருவர் கேட்ட மாத்திரத்தில் மாயை என்று எழுதிவிடலாம். முப்பது வருடம் ஆமியும் சிஐடியும் இயக்கங்களும் உளவு பார்த்த மண்ணில் அதை அப்படி எழுத முடியுமா? பின்தொடர்ந்தார்கள். வெள்ளை வானில் ஏற்றினார்கள். வீட்டைச் சுற்றி வளைத்தார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிகளுக்கு முன் ஊரையே வரிசையில் விட்டார்கள். இளம் பெடியன் ஒருவன் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தால், அது நோயென்று நினைக்க எந்தத் தாய்க்கும் தோன்றாது. அது புத்திசாலித்தனம் என்றே நினைப்பாள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, பல லட்சம் பேரும் பயந்துதான் நடந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நோயின் பயத்தோடு நடந்தவனை எப்படித் தனியே பிரித்துக் காண்பது? போர் இங்கே புதிய மனநோய்களை மட்டும் தரவில்லை. பழைய மனநோய்களுக்கு நல்ல மறைவிடமும் அமைத்துக் கொடுத்தது.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடங்கள் வட மாகாணத்துக்கே கிட்டத்தட்டத் தனி ஒரு உளமருத்துவ நிபுணராக நின்றவர். ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவர். போரின் உள விளைவுகளைப் பற்றி 1998இல் ஒரு நூலும், 2014இல் சமூகம் முழுவதற்கும் ஏற்பட்ட வடுவைப் பற்றி இன்னொரு நூலும் எழுதினார். தனி மனிதர்களின் நோயை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்பது அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்து. நம்பிக்கை உடைந்த ஊரில் அயலவனிடம் உதவி கேட்கும் பழக்கமும் உடைகிறது. முன்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து “என்ன பிள்ளை, தம்பியைக் காணேல்லை?” என்று கேட்ட அயல் வீட்டு ஆச்சியும் இப்போது கேட்பதில்லை. கேட்பது உளவுபோலத் தோன்றிவிட்ட காலம் ஒன்றைக் கடந்து வந்தவர்கள் நாங்கள்.

அடுத்தது கோயிலும் சாத்திரியும். இந்த இடத்தில் இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி போன்ற கோயில்களுக்கு மனம் குழம்பியவர்களைக் கூட்டிப்போய் வைத்திருக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மடங்களில் சோறு கிடைக்கும். யாரும் துரத்தமாட்டார்கள். காலையில் எழும்பி, ஆற்றில் குளித்து, பூசை பார்த்து, வரிசையில் இருந்து சாப்பிடுவதில் ஒரு நாளொழுங்கு இருக்கிறது. உலகம் குழம்பிய மனிதனுக்கு அந்த ஒழுங்கு நல்லது. அவனைக் கூட்டி வந்த தாய்க்கும் அது ஆறுதல். யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் இதைப் பகையாகப் பார்க்கவில்லை. உருவேறுதலையும் பேய் பிடித்தலையும் சோமசுந்தரமும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2008இல் எழுதியபோது, நோயோடு வருவதையும் சடங்கோடு வருவதையும் வேறுபடுத்தியே பார்த்தார்கள். கோயிலில் கலை வந்து ஆடுகிற எல்லாரும் நோயாளிகளல்ல.

குறி சொல்பவர் வேறு. செய்வினை என்று சொல்லும் வாய் அதோடு நிற்பதில்லை. யார் செய்தது என்றும் சொல்லும். “தூரத்து ஆக்களில்லை, உறவுக்குள்ளதான்.” “தெற்குப் பக்கத்து வீடு.” “ஒரு பொம்பிளை, உங்களோட கோவத்தில இருக்கிறவ.” நல்ல மனநிலையில் இருப்பவன் இதைக் கேட்டால் மாமியோடு கதைப்பதை நிறுத்துவான், அவ்வளவுதான். மனச்சிதைவின் உச்சத்தில் இருப்பவனுடைய நிலை அப்படியல்ல. பெயரில்லாத பயம் ஒன்று அவனை ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு இப்போது ஒரு முகமும் முகவரியும் கிடைத்துவிட்டது. தனக்குள் கேட்கும் குரல் சொல்வதை வெளியில் இருக்கும் ஒரு பெரிய மனிதரும் உறுதிப்படுத்திவிட்டார். கிங்கரிச்சின் மனக்குழப்பத்தில் சாத்தான் வந்ததும் தற்செயலானதல்ல. அவர் வளர்ந்த உலகில் தீமைக்கு இருந்த பெயர் அது. ஒவ்வொரு சமூகமும் தன் நோயாளியின் பயத்துக்குத் தன்னிடம் இருக்கும் உடையைத்தான் அணிவிக்கிறது. மனநோயாளி ஒருவரின் காதுபடச் செய்வினைக்காரரின் பெயர் சொல்வதைப் போல ஆபத்தான செயல் அந்த நேரத்தில் வேறொன்றில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் மறக்கக்கூடாது. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி நடந்த மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். மனநோயும் வன்முறையும் என்று பேச்செடுத்தால் நோயாளி யாரையோ வெட்டியதுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஏர்வாடியில் செத்தவர்கள் நோயாளிகள். கட்டி வைத்தவர்கள் நல்ல மனநிலையில் இருந்தவர்கள். பின்கட்டு அறையில் பூட்டப்பட்டு, பேயோட்டுகிறோம் என்று வேப்பிலையாலும் பிரம்பாலும் அடிவாங்கி, சொத்தில் பங்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் மனிதர்கள் நம் குடாநாட்டிலும் இருக்கிறார்கள். உலகெங்கும் செய்த ஆய்வுகள் சொல்வதும் இதுவே: கடும் மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம்.

அப்படியானால் நோய்க்கும் வன்முறைக்கும் தொடர்பே இல்லையா? இல்லை என்று சொல்வது அன்பான பொய். தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது, அதிலும் தடுக்கக்கூடியது. சுவீடனில் 1988 முதல் 2000 வரையான பதிவுகளை வைத்து ஃபசல், கிரான் இருவரும் கணக்கிட்டபோது, நாட்டில் நடந்த வன்முறைக் குற்றங்களில் கடும் மனநோயாளிகளின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம் என்று வந்தது. மிகுதி 95 சதவீதத்தையும் செய்தவர்கள் நம்மைப் போன்றவர்கள். மனச்சிதைவு உள்ளவர்களில் ஆபத்து கூடுவதற்கும் மதுவும் போதையும் சேர்வதே பெரிய காரணம் என்று அவர்களுடைய பிந்திய ஆய்வுகள் காட்டின. கேரளக் கஞ்சா கடல்வழியாக வந்து இறங்குகிற, ஐஸும் ஹெரோயினும் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்ட இன்றைய குடாநாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. நீல்சன், லார்ஜ் என்ற இரு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டது. மனச்சிதைவு போன்ற நோய்களோடு நடந்த கொலைகளில் பத்தில் ஏறத்தாழ நான்கு, நோய் முதன்முதலில் வந்து, இன்னும் ஒரு மாத்திரைகூட விழுங்காத காலத்தில் நடந்தவை. சிகிச்சை பெறாத அந்த முதற்கட்டத்தில் ஏறக்குறைய 630 பேரில் ஒருவர் கொலை செய்யும் நிலைக்குப் போகிறார். சிகிச்சை தொடங்கிய பிறகு அது வருடத்துக்கு 9,000 பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்குகிறது. பதினான்கு மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு கிளினிக் கொப்பியும் மாதம் ஒருமுறை போடும் ஊசியும். கொல்லப்படுகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வீட்டு ஆள்தான்: தாய், தகப்பன், மனைவி, கூடப் பிறந்தவர். நோயாளியை மறைத்துக் காப்பாற்ற நினைத்தவரே கையெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூட மாணவி ஒருவர் கடத்தப்பட்டுக் கூட்டாகச் சிதைத்துக் கொல்லப்பட்டார். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் இருந்த விசேட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்பில் இருந்தது திட்டமிட்ட கொடுமை, மனநோயல்ல. போருக்குப் பிறகு ஆவா என்றும் வேறு பெயர்களிலும் மோட்டார் சைக்கிள்களில் வந்து வாள்வெட்டு நடத்திய குழுக்களிலும் நோயாளிகள் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு கொடூரச் செய்தி வந்தால் “விசரன் செய்த வேலை” என்று நாம் சொல்லிவிட்டு நகர்கிறோம். அந்தச் சொல் இரண்டு அநியாயங்களைச் செய்கிறது. குற்றவாளிக்குப் பாதி மன்னிப்புக் கொடுக்கிறது. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய்வந்துகொண்டு, தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் நல்ல மனிதன் ஒருவனைச் சந்தேகத்தில் தள்ளுகிறது.

நெருங்கிய குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நான்சி வக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், இலங்கையில் மனச்சிதைவு என்று முதன்முறை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்களை ஐந்து வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்து 1979இல் எழுதினார். பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். குடும்பம் அவர்களைக் கைவிடவில்லை. நோயாளி என்ற முத்திரையை நிரந்தரமாகக் குத்தவில்லை. தேறியதும் வயலுக்கும் கடைக்கும் திரும்பக் கூட்டிக்கொண்டது. அந்தப் பலம் யாழ்ப்பாணத்துக்கும் உண்டு. மாதா மாதம் மகனைச் சைக்கிளில் ஏற்றித் தெல்லிப்பழை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கூட்டிவரும் எழுபது வயதுத் தகப்பனை எந்த மேலைநாட்டு மனநலத் திட்டத்தாலும் தயாரிக்க முடியாது. அதே குடும்பம்தான் முதல் ஆறு மாதம் வேலியை அடைத்து வைத்திருந்தது என்பதும் உண்மை. ஒரே பாசம் இரண்டையும் செய்கிறது. அதனால்தான் குடும்பத்தைத் திட்டுவதில் பயனில்லை. அதற்கு வேறொரு வழி காட்ட வேண்டும்.

மருந்து ஏன் நிற்கிறது என்பதை வைத்தியர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய ஊசிகள் கையைக் காலை விறைக்க வைக்கும். வாயில் எச்சில் வழியும். நடை பொம்மைபோல ஆகும். தாய்க்கு அது நோயைவிடக் கொடுமையாகத் தெரியும். “கத்தினாலும் பிள்ளை பிள்ளையா இருந்தான், இப்ப சிலை மாதிரி இருக்கிறான்” என்பாள். பக்கவிளைவுக்கு மாற்று மாத்திரை உண்டு, அளவைக் குறைக்கலாம், புதிய மருந்துக்கு மாற்றலாம். நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. சொல்லாத அந்த ஐந்து நிமிடத்தில் கிங்கரிச்சின் வீட்டில் நடந்ததே இங்கும் நடக்கிறது. ஆள் தேறிவிட்டான், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்துவார்கள். ரொறன்ரோவில் இருந்து அண்ணன் தொலைபேசியில் “அந்த மருந்தெல்லாம் குடுக்காதேங்கோ, ஆள் பழுதாப் போயிடுவான்” என்பான். அடுத்த ஆலோசனை கலியாணம். ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று, பெண் வீட்டுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு நாள் குறிப்பார்கள். கலியாண வீட்டில் மாத்திரை விழுங்கினால் தெரிந்துவிடும் என்று அந்தக் கிழமையே நிறுத்துவார்கள். நித்திரையில்லாத சடங்கு நாட்கள், நின்றுபோன மருந்து, ஒன்றும் அறியாத ஒரு பெண். இதைவிட ஆபத்தான சேர்க்கையை வேண்டுமென்றே திட்டமிட்டாலும் உருவாக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குச் செய்வது துரோகம் என்று வெளிப்படையாகவே சொல்ல வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கொலை நடந்துவிட்டால் சட்டம் என்ன செய்கிறது? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன் 77ஆம் பிரிவின்படி, செயலின் தன்மையையோ அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ சித்தசுவாதீனமின்மையால் அறிய முடியாதவர் செய்வது குற்றமாகாது. இதன் வேர் இங்கிலாந்தில், 1843இல் பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற மக்நோட்டன் வழக்கில் இருக்கிறது. பிரித்தானியர் கொண்டுவந்த விதி அவர்கள் போன பிறகும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. அது அறிவை மட்டுமே கேட்கிறது. தான் கொல்வது தெரிந்திருந்தும், கேட்கிற குரலை மீற முடியாத மனிதனுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. இங்கிலாந்து 1957இல் குறைந்த பொறுப்பு என்ற இடைவழியைத் திறந்தது, இலங்கை திறக்கவில்லை. கிங்கரிச்சின் வழக்கில் பென்சில்வேனியா நடுவர்கள் 1994இல், குற்றவாளி, ஆனால் மனநோயுள்ளவர் என்று தீர்ப்புச் சொல்ல முடிந்தது. நம் மேல் நீதிமன்றத்தில் ஒன்றில் சித்தசுவாதீனம் இல்லாதவர். இல்லாவிட்டால் கொலைகாரர், அதற்கு மரண தண்டனை. 1976க்குப் பிறகு தூக்கில் போடவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் கனத்தைக் குறைக்காது.

சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று தீர்ப்பு வந்தாலும் அவர் வீட்டுக்குப் போவதில்லை. அமைச்சரின் கட்டளை வரும்வரை பாதுகாப்பான காவல் என்பது நடைமுறை. நாட்டின் தடயவியல் உளமருத்துவப் பிரிவு அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தைச் சார்ந்து இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். காலும் கையும் முறிந்தவனை வேறு மொழி பேசும் வைத்தியர் பார்க்கலாம். எக்ஸ்ரே மொழி கேட்காது. மனநோய்க்கு எக்ஸ்ரே இல்லை. நோயாளி சொல்லும் சொல், சொல்லாமல் விடும் சொல், சொல்லும் விதம், இவைதான் சான்று. “கழிப்புக் கழிச்சவை” என்று வடமராட்சி மனிதன் ஒருவன் சொல்வது சடங்கா மாயையா என்பதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துக் கேட்டு முடிவு செய்வது நீதியாகாது. தாய் ஒருத்தி இரவு முழுக்கப் பஸ்ஸில் இருந்து, ஒரு மணித்தியாலம் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் சிகிச்சையாகாது. வடக்கில் தமிழில் இயங்கும் தடயவியல் உளமருத்துவப் பிரிவு வேண்டும் என்பது சலுகை கேட்பதல்ல.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டம் கிடக்கிறது. பைத்தியக்காரரைச் சமூகத்தில் இருந்து அகற்றிக் காப்பகத்தில் அடைப்பதற்காக விக்ரோறியா மகாராணி காலத்தில் எழுதியது. 1956இல் சொற்களை மாற்றினார்கள், எலும்பு மாறவில்லை. புதிய மனநலச் சட்டம் ஒன்றின் வரைவு வருடக் கணக்காகப் பேச்சில் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005இல் வந்த மனநலக் கொள்கை சேவையை மாவட்டங்களுக்குப் பரவச் செய்தது. ஊர் மட்டத்தில் மனநலத்துக்கென வைத்திய அதிகாரிகள் வந்தார்கள். அது உண்மையான முன்னேற்றம். சட்டம் மட்டும் இன்னும் கட்டி வைப்பதையே நினைக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கான வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. சோமசுந்தரமும் உளமருத்துவர் சிவயோகனும் தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம் பற்றித் தமிழிலேயே நூல் எழுதினார்கள். சாந்திகம் நிறுவனம் உளவளத் துணையாளர்களைப் பயிற்றுவித்தது. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆசிரியர், கிராம சேவகர், குடும்பநல மாது, கோயில் பூசகர் என்று ஊர் நம்புகிற ஆட்களுக்கு அடையாளம் காணச் சொல்லிக் கொடுத்தார்கள். குறைந்த பணத்தில், மருந்துத் தட்டுப்பாட்டில், பாதை மூடிய ஊரில் செய்த வேலை அது. பாதை திறந்து, சமாதானமும் தார் றோட்டும் வந்த பிறகு அதைத் தளரவிட்டால் நமக்கு மன்னிப்பில்லை. சந்நிதி மடத்துக்கு மாதம் இருமுறை உளமருத்துவ அணி ஒன்று போகட்டும். ரியூசன் நடத்துகிறவர்கள் திடீரென்று நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுக்கட்டும். புலம்பெயர்ந்த சங்கங்கள் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி தெல்லிப்பழை மனநலப் பிரிவுக்குப் போகட்டும்.

கிங்கரிச் 1998இல் சிறையில் இருந்து வெளியே வந்தார். அவருடைய ஊர் அவரைத் திரும்ப ஏற்றுக்கொள்ளவில்லை. 2011 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஒரு வீட்டில் மாத்திரை நின்றதால் இரண்டு உயிர்கள் போயின. மூன்று பிள்ளைகள் தாயும் தகப்பனும் இல்லாமல் போனார்கள்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு பிள்ளை முந்தி மாதிரி இல்லை என்று தோன்றினால், காத்திராதீர்கள். கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தால் அதையும் செய்யுங்கள். ஆனால் இந்தக் கிழமைக்குள் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ உங்கள் பகுதி வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கோ ஆளைக் கூட்டிப்போங்கள். ஆள் வர மறுத்தால் நீங்களாவது முதலில் போய்க் கதையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926.